லேபிள் இல்லாத நீலப் பாட்டில்: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மீன் தொட்டியில் நத்தை பெருகிவிட்டது என்று கடைக்குப் போனால், லேபிள் எதுவும் ஒட்டாத சின்ன பாட்டிலில் நீல நிறத்தில் ஒரு மருந்து கொடுப்பார்கள். வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களா, ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ராமநாதபுரத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும். பிறகு பரமக்குடியில் வேறொரு கடையிலும் அதே பாட்டிலைப் பார்த்தேன் என்பதால், பெயர் தெரிந்து பெரிதாக ஆகப்போவதும் இல்லை.

எங்கள் வீடு கீழக்கரையில். கூடத்தில் இரண்டடிக்கு ஒரு தொட்டி, ஏறக்குறைய ஐம்பது லிட்டர் பிடிக்கும். பதினான்கு கப்பி மீன், இருபது செர்ரி இறால். இறால்தான் என் உயிர். கடலோர ஊரில் காசு கொடுத்து இறால் வாங்கி வளர்க்கிறவன் நான் ஒருவன்தான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். சித்திரையில் அந்தக் கடையில் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி ஒரு கட்டு வாங்கி, கழுவிவிட்டு அப்படியே நட்டேன். இலையின் அடியில் ஜவ்வரிசிப் பாயசம் சொட்டியது போல ஒரு பொட்டு இருந்தது. கண்ணில் பட்டது, என்னவென்று யோசிக்கவில்லை. மூன்று வாரத்தில் கண்ணாடி முழுக்க மிளகு தூவியது போலக் குட்டி நத்தைகள். இந்த வகை நத்தைக்கு ஜோடிகூட வேண்டாம், ஒன்று வந்தாலே தானாக முட்டையிட்டுப் பெருகிவிடும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

செடி விற்ற கடைக்கே போய்ச் சொன்னேன். "அண்ணே, இத விட்டா மீனைக் கொன்னுடும்" என்றான் அந்தத் தம்பி. முதல் பொய் இது. அந்த நத்தை பாசியையும் மிஞ்சிய தீனியையும் அழுகிய இலையையும் தின்னும். உயிரோடு இருக்கிற மீனை ஒன்றும் செய்யாது. மேசைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தான். 350 ரூபாய். பத்து லிட்டருக்கு ஒரு மூடி. "இறால் கிடக்கு தம்பி, ஒண்ணும் ஆகாதே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "மூலிகைண்ணே, ஒண்ணும் ஆகாது."

அன்று ராத்திரி எட்டரை மணிக்கு ஐந்து மூடி ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் இறால்கள் கிறுக்குப் பிடித்தது போலக் கண்ணாடியோரம் மேலும் கீழும் நீந்த ஆரம்பித்தன. சாதாரணமாக அவை ஓர் இலையில் உட்கார்ந்து, முன்கால்களால் எதையாவது பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. மருந்து வேலை செய்கிறது போல என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் இருபதும் கிடந்தன. செர்ரிச் சிவப்பெல்லாம் போய், வேகவைத்தது போல வெளிறிய நிறம். ஒன்றின் வயிற்றடியில் முட்டைகள் அப்படியே இருந்தன.

நத்தையும் செத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் செத்துக் கல்லுக்குள் விழுந்து அழுக ஆரம்பித்தது. மதியத்துக்குள் தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கிவிட்டது. செத்தது அழுகினால் அம்மோனியா ஏறும். கப்பிகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

உடனே பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்து நிலவரம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைப்பதுதான், அதற்குமேல் வேண்டுமென்றால் குடம் இவ்வளவு என்று வண்டியில் வாங்க வேண்டும். அன்று தண்ணீர் வராத நாள். சமையலறையில் இருந்த இரண்டு குடத்தையும் தூக்கினேன். "வீட்டுல குடிக்கத் தண்ணி இல்ல, மீனுக்குக் குடம் குடமா ஊத்துறியாடா?" என்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளையாகப் பிடித்து ஒரு நாள் ஆன தண்ணீர் அது, குளோரின் வாடை போயிருந்தது. மறுநாளும் இரண்டு குடம், அதற்கு மறுநாளும் இரண்டு. ஒன்பது கப்பி பிழைத்தது.

இதற்குப் பிறகும் அதே கடைக்குப் போனேன் என்றால் என்னை என்ன சொல்வீர்களோ. சண்டை போடத்தான் போனேன். "அளவு கூட வச்சிருப்பீங்கண்ணே" என்று ஆரம்பித்தவன், மிச்ச நத்தைக்கு இயற்கை முறை என்று ஒரு பையில் சின்ன மீனைக் காட்டினான். பட்டாணி பஃபராம். நத்தையைத் தின்கிற மீன், கடைசிவரை நல்ல தண்ணீரிலேயே இருக்கும், கப்பியைத் தொடாது. 250 ரூபாய். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாம்பனிலிருந்து மாமா வந்தார். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இது பேத்தைல்ல? வலைல வந்தா தூக்கி எறிவோம். இதயா காசு குடுத்து வாங்குன?" என்றார். பஃபர் வகை மீனைத்தான் எங்கள் பக்கம் பேத்தை என்போம். அவர் சொன்னது சரிதான். பச்சை முதுகில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி, வெள்ளை வயிறு. கழிமுகப் பக்கத்துப் பேத்தை. குட்டியாக இருக்கும்போது நல்ல தண்ணீரில் தாக்குப்பிடிக்கும், வளர வளர உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், ஐந்தாறு அங்குலம் வரை வரும். உண்மையான பட்டாணி பஃபர் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் இருக்கிற மீன், ஓர் அங்குலத்தைத் தாண்டுவதே அபூர்வம். அதுவும் வாலைக் கடிக்கும் என்பது வேறு விஷயம். என் பேத்தை நான்கு நாளில் மூன்று கப்பியின் வாலைக் கத்தரித்திருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிற நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

மருந்துக்கு வருகிறேன். பாட்டிலில் மிச்சம் இருந்தது. பத்தாம் வகுப்பில் செய்து காட்டியது ஞாபகம் வந்தது. புது இரும்பு ஆணி ஒன்றை உப்புக்காகிதத்தில் பளபளவெனத் தேய்த்து, பாட்டில் மூடியில் கொஞ்சம் மருந்தை ஊற்றி அதில் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முங்கியிருந்த பாதி மட்டும் செம்பழுப்பாக மாறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செம்புத் தூள். மூலிகையாவது ஒன்றாவது, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்கிற செம்பு உப்பு. உரக்கடையில் கால் கிலோ வாங்கினாலும் இந்தப் பாட்டில் விலை ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், இறாலின் ரத்தத்திலேயே செம்பு இருக்கிறது. நமக்கு இரும்பு எப்படியோ அதற்குச் செம்பு அப்படி. ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு துளி கூடினாலும் தாங்காது. மீனுக்கும் ஆபத்துதான். மென்தண்ணீரில் அதன் வேகம் இன்னும் அதிகம், கடினத் தண்ணீரில் கொஞ்சம் குறையும். அப்படியிருக்க, எந்த ஊர்த் தண்ணீர் என்றுகூடக் கேட்காமல் பத்து லிட்டருக்கு ஒரு மூடி என்றால் என்ன கணக்கு? அதோடு செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகு கசியக்கூடும். தொட்டிக் கல் முழுவதையும் வாரி வெளியே போட்டேன். இனி அந்தத் தொட்டியில் இறால் விட எனக்குத் தைரியம் இல்லை.

ஆணியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். "கம்பெனிலேர்ந்து வர்றதுண்ணே, எனக்கென்ன தெரியும்" என்றான். எந்தக் கம்பெனி என்றால் பதில் இல்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் "மீன் சாமான் 350" என்று எழுதிக் கொடுத்தான். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைக் கணக்கில் வரும். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சொன்னேன், பதிவு எண் வந்திருக்கிறது. "மீன் சாமான்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ, பார்ப்போம். ஜிபேயில் பணம் போனது ஒன்றுதான் உருப்படியான சாட்சி.

சரி, நத்தைக்கு என்னதான் செய்வது? தீனியைக் குறையுங்கள். நத்தை பெருகுகிறதென்றால் நாம் அள்ளிப் போடுகிறோம் என்று அர்த்தம், நான் போட்டேன். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தித் தொட்டிக்குள் இறக்குங்கள். காலையில் மொய்த்திருக்கிற நத்தைகளோடு எடுத்துவிடலாம், ஒரு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். இலையடி முட்டையை விரலால் நசுக்குங்கள். புதுச் செடி வாங்கினால் படிகாரத் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். முட்டைக்கு அது போதாது, அதனால் அப்புறம் இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் போட்டு, பொரித்து வருகிறதா என்று பாருங்கள். கல்லைக் கிளறும்போது நெளிகிற நூல் போன்ற வெள்ளைப் புழுவைக் காட்டியும் மருந்து விற்கப் பார்ப்பார்கள். அது கழிவைத் தின்கிற புழு, தொந்தரவு இல்லை. தலை அம்புமுனை மாதிரி இருந்து கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனால் அது பிளனேரியா, இறால் வைத்திருப்பவர்கள் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பிடித்த நத்தையை ஊரணியிலோ கண்மாயிலோ கொட்டாதீர்கள், வெளியிலிருந்து வந்தது அங்கேயே பெருகிவிடக்கூடும். வளர்க்கக் கொண்டுவந்த காப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறையில் ஏறிப் படர்ந்தது மண்டபம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நேற்று ஃபில்டர் குழாயைக் கழற்றிக் கழுவினேன். உள்பக்கம் இரண்டு குட்டி நத்தைகள், மிளகு அளவில், ஊர்ந்துகொண்டிருந்தன. அம்மாவிடம் ஒரு துண்டு வெள்ளரி கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன்.