ஆறு சக்குலன்ட் அடங்கிய கூரியர் பொதி: சமவெளியில் எது பிழைக்கும்?

இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக விரியும் சக்குலன்ட்களை (தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் செடிகள்) ஆறாகச் சேர்த்து ஆன்லைனில் விற்கும் பொதிகளில் பெரும்பாலும் வருபவை இவைதான்: ஊதா எச்சிவேரியா, வெளிர்நீல எச்சிவேரியா எலிகன்ஸ், செம்பர்விவம், கிராப்டோபெட்டலம், வரிக்குதிரை ஹவோர்தியா, கண்ணாடி இலை ஹவோர்தியா கூப்பரி. சென்னை, மதுரை, திருச்சி வீடுகளில் இந்தப் பொதிக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் நாலரை.

செடிகள் பொதுவாக நல்ல நிலையிலேயே வந்து சேர்கின்றன. அடியிலை இரண்டு மூன்று சுருங்கியிருந்தால் அது பயணக் களைப்பு. உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம். உண்மையான குறை தொட்டிக்குள் இருக்கிறது. நர்சரியில் தினமும் தெளித்து வேகமாக வளர்ப்பதற்காக வெறும் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) நட்டிருப்பார்கள். அது நம் வீட்டில் வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்து வேரை அழுக வைக்கும். முற்றிலும் காய்ந்துவிட்டாலோ தண்ணீர் சீராக உள்ளே இறங்காமல் போகலாம். மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பெயர்த்தெடுங்கள். இலைக்குச் சாயம் அடித்த செடியைத் திருப்பி அனுப்புங்கள்.

வந்த வாரமே மண் மாற்றுவது கட்டாயம். கோகோபீட்டை விரலால் உதிர்த்து, வேரைச் சுற்றி வலைப்பை இருந்தால் வெட்டி, கறுத்த வேர்களை நீக்கி, மூன்று நான்கு நாள் நிழலில் காயவிடுங்கள். புதிய கலவைக்கு: செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, 3 முதல் 5 மி.மீ. செங்கல் சல்லி அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) இரண்டரைப் பங்கு. இலை வட்டத்தைவிட ஓரங்குலம் மட்டுமே அகலமான, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி போதும். நட்டு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

இனி எது தேறும்? செம்பர்விவம் ஐரோப்பிய மலைச் செடி. குளிர் இல்லாத ஊரில் அதற்குக் கொடுக்கும் காசு வீண். அதற்குப் பதில் இன்னொரு ஹவோர்தியா கேட்டு வாங்குங்கள். எச்சிவேரியா மெக்சிகோ மேட்டுநிலத்தது. இந்தச் செடிகள் இரவில்தான் இலைத்துளை திறந்து கரியமில வாயுவை இழுக்கும். கத்திரி வெயில் காலத்தில் இரவும் புழுங்குவதால் அந்த வேலை தடைப்படுகிறது. அந்த நேரம் தண்ணீரும் தேங்கினால் தண்டு கூழாகிவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை, காலை வெயில் மட்டும், தண்ணீர் சூரியன் சாய்ந்த பிறகு. ஆனால் இருட்டறையில் வைத்தால் அடுக்கு குலைந்து தண்டு நெட்டையாகும், மீண்டும் சுருங்காது. கிராப்டோபெட்டலத்தின் இனப்பெயரில் பராகுவே இருந்தாலும் ஊர் மெக்சிகோதான். பொதியிலேயே கெட்டிச் செடி இது. உதிர்ந்த இலையை மண்மேல் போட்டாலே முளைக்கும். தென்னாப்பிரிக்க ஹவோர்தியாக்கள் புதர் நிழலில் வளர்பவை, ஜன்னலோரம் போதும். நேர்வெயில் பட்டால் சிவந்துபோகும்.

தண்ணீரைக் குருத்தில் விடாமல் தொட்டி ஓரமாக ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கடியில் வையுங்கள். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி: 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒற்றி எடுத்து, வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எச்சிவேரியாவுக்கு வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். அதன் மெழுகுப்பூச்சு கரைந்து, வெயிலில் அந்த இடம் வெந்துவிடும்.