வீட்டிலேயே பிரித்துப் பூட்ட வசதியான ஏர் கன்: .177 பிரேக் பேரல் ஸ்பிரிங் மாடல்

நம் நாட்டிலேயே தயாராகிற, பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் இந்த வகை ஏர் கன்னில் 4.5 மி.மீ. (.177 அங்குல) பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, போகும். பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் மாடல்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கொடுக்கிற காசுக்கு நல்ல இரும்பு, நல்ல பேரல். குறை உள்ளேதான் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதே பல துப்பாக்கிகளில் சிலிண்டருக்குள் கடைசல் பிசிறும் தேவைக்கு மேல் கிரீஸும் கிடக்கும். வேலூர் வெயிலில் அந்த கிரீஸ் இளகி, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனுக்கு முன்னால் இறங்கிவிடும். சுடும்போது அழுந்திச் சூடாகும் காற்றில் அது பற்றிக்கொள்ளும். வெடிச்சத்தம் வரும், புகை வரும், ஒவ்வொரு பெல்லட்டும் ஒவ்வொரு இடத்தில் போய் விழும். ஆகவே வாங்கியதும் ஒருமுறை பிரித்துத் துடைத்தே ஆக வேண்டும்.

பேரலை மடக்கி, பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றி நிற்கவில்லை என்று பார்த்த பிறகே திருப்புளியை எடுக்கவும். கட்டையின் முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொரு ஸ்க்ரூ, டிரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ. இவற்றைக் கழற்றினால் இரும்புப் பகுதி தனியே வந்துவிடும்.

ஆபத்து இனிமேல்தான். ஏற்றாமல் இருக்கும்போதும் ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அழுந்தியபடிதான் உட்கார்ந்திருக்கும். கையால் அமுக்கிக்கொண்டு, பின்மூடியைப் பிடித்திருக்கும் லாக் பின்னைத் தட்டினால், பின்மூடி பாய்ந்து முகத்தைப் பெயர்த்துவிடும். தச்சர்கள் வைத்திருக்கும் நீள கிளாம்ப் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் லேத் பட்டறையில் சொல்லி, திருகு கம்பியோடு ஒரு சட்டம் செய்து வாங்கலாம். மூடிக்கு மரத்துண்டு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், ஒரு கட்டத்தில் லாக் பின் தானாகத் தளரும். பஞ்ச் வைத்து லேசாகத் தட்டினாலே வெளியே வரும். வராவிட்டால் இறுக்கம் சரியில்லை என்று பொருள், சுத்தியலை ஓங்கக் கூடாது. லாக் பின் வெளியே வந்ததும் ஸ்பிரிங் முழுதாக ஓயும்வரை கிளாம்பை மெதுவாகத் தளர்த்தவும்.

பேரல் மடங்கும் மூட்டில் இருக்கும் போல்ட்டைக் கழற்றும்போது இருபுறமும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எது எந்தப் பக்கம் என்று குறித்து வைக்காவிட்டால் பேரல் ஆடும்.

திரும்பப் பூட்டும்போது பலரும் கெடுப்பது பிஸ்டன் சீலை, அதாவது பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் பாகத்தை. சிலிண்டரில் வெட்டியிருக்கும் நீளப் பள்ளத்தின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். சீல் அதில் உரசிக் கீறினால் விசை அப்போதே போச்சு. ஓரத்தை நைஸ் எமரி தாளால் மழுக்கி, தூளைத் துடைத்துவிட்டு, மழுங்கிய குச்சியால் சீலை உள்ளே அமுக்கியபடி பிஸ்டனை நகர்த்தவும். மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) பிஸ்டனின் பக்கங்களில் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், சீலின் முகத்தில் துளியும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் உள்ளே போகவே கூடாது.

பூட்டிய பிறகு ஏற்றிப் பார்க்கும்போது பேரலிலிருந்து கையை எடுக்காதீர்கள், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியர் நழுவினால் விரல் போய்விடும். பெல்லட் இல்லாமல் சுடவும் வேண்டாம், பிஸ்டன் மோதிச் சீல் நசுங்கும். பெல்லட் போட்டு, பேரல் மூட்டின் மேல் டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்துச் சுடுங்கள். அது பறந்தால் அங்கே காற்று கசிகிறது, அங்குள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்ற வேண்டியதுதான்.