நிலாவெளி வீதிப் போர் மயானம்: விமானப்படை உறவைத் தேடி வருவோருக்கு

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இது. பராமரிப்பு அருமை, நுழையக் காசில்லை. ஆனால் தேடலை வீட்டிலேயே முடித்துவிட்டு இலங்கையின் திருகோணமலைக்கு வாருங்கள்.

பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் குடும்பப் பெயர், முதலெழுத்து, இறந்த ஆண்டு கொடுத்துப் பாருங்கள். படையணி எண்ணை மட்டும் நம்பினால் பலர் விடுபடுவார்கள். பல பதிவுகளில் விமானப்படை என்பதோடு சரி. ஒரே பெயரில் பலர் வந்தால் சேவை எண்தான் கைகொடுக்கும். தேடலில் கிடைக்கும் கல்லறைக் குறியீட்டில் பிரிவு, வரிசை, கல்லறை என்பதே ஒழுங்கு. அதைத் தாளில் எழுதி எடுத்துவாருங்கள்.

பெரிய ஏமாற்றம் இங்கேதான் நேர்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் படையணியைச் சேர்ந்த 9 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் கொழும்பிலிருந்து போய் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின, 5 திரும்பவில்லை. கடலோடு போனவர்களுக்கு இங்கே கல் இராது. கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில், தூண் எண்ணோடு இருக்கின்றன. பூவோடு வந்து வெறுங்கையோடு திரும்புவது பெரிய வேதனை.

படமெடுக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில்தான் நல்லது. உச்சி வெயிலில் எழுத்து மங்கிவிடும். தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்போ மெழுகோ தேய்க்கவே வேண்டாம். பெயர், திகதி, வயதுக்குக் கீழே சில கற்களில் இன்னொரு வரி இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள். அது குடும்பமே சொல்லி எழுதுவித்த வரி.