இருபது பாட் டுக்டுக்கும் பதினாறு பாட் படகும்: செப்டம்பரில் பாங்காக்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போய்விடலாம். சாவ் ப்ராயா ஆற்றில் ஓடும் ஆரஞ்சுக் கொடிப் படகுக்கு ஐந்துக்கு ஐந்து. விமான நிலைய ரயிலுக்கு நாலரை. மழைக்கால பாங்காக்குக்கு நாலு. அரண்மனைச் சுவரோரம் எங்களை ஏற்றிக்கொண்ட டுக்டுக்குக்கு, அதாவது அந்த ஊர் ஆட்டோவுக்குப் பூஜ்யம். அதில் ஏறி உட்கார்ந்த எனக்கும் அதே பூஜ்யம்தான்.

நான் கும்பகோணத்துக்காரன். இருபத்திரண்டு வருடமாக நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் வேலை. "சுத்தத் தங்கம் சார், எங்க அம்மா போட்டது" என்று தினமும் யாராவது என் எதிரில் வந்து உட்காருவார்கள். நான் உரைகல்லை எடுப்பதற்கு முன்பே முகத்தைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுவிடுவேன். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று அப்படி ஒரு நினைப்பு எனக்கு. போன செப்டம்பரில் நானும் என் மனைவியும் நாலு ராத்திரி பாங்காக் போய் வந்ததில் அந்த நினைப்பு கொஞ்சம் கரைந்தது.

செப்டம்பரில் ஏன் போனோம்? மலிவு. மே முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம், அதிலும் செப்டம்பரில்தான் அதிக மழை. டிசம்பரில் ஆறாயிரம் ரூபாய் காட்டிய அறை எங்களுக்கு 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. மழையைப் பற்றிப் பயமுறுத்தினார்கள். நாங்கள் பார்த்தவரை மதியத்துக்கு மேல் இடித்துக்கொண்டு வரும், இரண்டு மணி நேரம் கொட்டும், விட்டுவிடும். ஐப்பசியில் கும்பகோணத்தில் இருந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

ஆனால் ஆஃப் சீசனில் அறை வாடகைதான் குறைகிறது, ஏமாற்றுகிறவர்கள் குறைவதில்லை. டிசம்பர் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒருவராக நழுவிவிடலாம். செப்டம்பரில் காலியான தெருவில் நாம் மட்டும் குடையோடு நடந்து போகிறோம், அவர்கள் கண்ணில் நாம் மட்டும்தான் படுகிறோம். அதைவிட முக்கியம், "இன்றைக்கு மூடியிருக்கிறது" என்ற பொய் சீசனில் எடுபடாது, வாசலில் நிற்கும் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். மழை நாளில் வரிசையும் இல்லை, பேருந்தும் இல்லை. மூடியிருக்கும் என்று நமக்கே தோன்றுகிறது.

கிளம்பும் முன்பே ஒன்றில் தப்பித்தோம். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். குடிவரவுத் துறையின் தளத்தில் அது முழுக்க இலவசம், போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் டாலரில் பணம் கேட்கும் தளங்களும் வருகின்றன. மகள் அட்டை எண் வரை போய்விட்டு, "அப்பா, இலவசம்னுதானே சொன்னாங்க?" என்று நிறுத்தினாள். நான் நிரப்பியிருந்தால் கட்டியிருப்பேன்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் கூடவே நடந்து வந்து, மழை, சாலையெல்லாம் தண்ணீர், 1,200 பாட்டுக்குக் கொண்டுவிடுகிறேன் என்றார். பாட் என்பது தாய்லாந்துப் பணம், அப்போது ஒரு பாட் ஏறக்குறைய 2.70 ரூபாய், பெருக்கிக்கொள்ளுங்கள். கீழே போனால் ரயில், நகருக்குள் ஃபயா தாய் நிலையம் வரை 45 பாட், அரை மணி நேரம். பெட்டி அதிகம் என்றால் தரைத்தளத்தில் எந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு டாக்சிக்குப் போகலாம். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், விமான நிலையத்துக்கென்று 50 பாட் சேரும், விரைவுச்சாலைச் சுங்கம் நம் கணக்கு. அந்தச் சீட்டை மட்டும் ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், புகார் சொல்ல நம்மிடம் இருக்கும் அத்தாட்சி அதுதான். ரயில் நிலைய வாசலருகே இருக்கும் பணமாற்றுக் கடைகளில் மேல்தளத்தைவிட நல்ல விலை கிடைத்தது. ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் போகும். ரூபாயில் கணக்கிடட்டுமா என்று எந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம்தான்.

சரி, டுக்டுக்குக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் காலை மெட்ரோவில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கி, கிராண்ட் பேலஸ் என்கிற அரண்மனைக்கு நடந்தோம். அரண்மனையின் சுற்றுச்சுவர் மொத்தம் 1,900 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் நுழைவது வடக்குப் பக்கம், நா ஃப்ரா லான் சாலையில். நாங்கள் வந்ததோ தெற்கிலிருந்து. வழியெல்லாம் வெள்ளைச் சுவர், நடுநடுவே சாத்திய கதவுகள், தூறல் வேறு. அந்தச் சாத்திய கதவு ஒன்றின் பக்கத்தில்தான் அவர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பெரிய குடை, ஐம்பது வயது இருக்கும். அதட்டலும் இல்லை, அவசரமும் இல்லை. என் மனைவியின் சேலையைப் பார்த்து, இது சரியான உடை, அரைக்கால் சட்டை போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்றார். உண்மை. பெரிய பைகளைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் நல்ல யோசனைதான். அப்புறம், இன்று காலை உள்ளூர்க்காரர்களுக்குப் பூஜை, ஒரு மணிக்குத்தான் உங்களுக்குத் திறப்பார்கள் என்று சாத்திய கதவைக் காட்டினார்.

எங்கள் தொழிலில் அரக்கு வைத்த நகை என்று ஒன்று உண்டு. வெளியே நல்ல தங்கத் தகடுதான், உரசினால் கல்லில் சரியாகத்தான் விழும். உள்ளே அரக்கு. இவர் பேச்சும் அப்படித்தான் இருந்தது, நான் உரசிப் பார்த்ததெல்லாம் வெளித்தகட்டை.

அவரே ஒரு டுக்டுக்கை நிறுத்தி, மூன்று இடம் சுற்றிக்காட்ட 20 பாட் என்று பேசிக்கொடுத்தார். இரண்டு பேரை ஒன்றரை மணி நேரம் ஐம்பத்து நாலு ரூபாய்க்கு யார் சுற்றுவார்கள்? கும்பகோணத்தில் ரயிலடியிலிருந்து மகாமகக் குளத்துக்குக் கூட வரமாட்டார்கள். "என்னங்க, இவ்ளோ கம்மியா இருக்கே?" என்று என் மனைவி அப்போதே கேட்டாள். "ஆஃப் சீசன், அதான்" என்று விளக்கம் சொன்னவன் நான்.

முதல் இடம் வாட் இந்தராவிஹான், 32 மீட்டர் உயர நின்ற புத்தர். அது நிஜமாகவே நல்ல கோயில், காசும் கேட்கவில்லை. அங்கே தற்செயலாக வந்தவர் போல ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அரசாங்கமே வரியில்லாமல் ரத்தினம் விற்கிறது, வருடத்தில் ஒரே வாரம், இன்றுதான் கடைசி நாள், தங்கை கல்யாணத்துக்கு அவரும் வாங்கியிருக்கிறாராம். அப்படி ஓர் அரசாங்க விற்பனை கிடையவே கிடையாது. பல வருடமாக நடக்கும் பழைய நாடகம் இது. சுவரோரம் நின்றவர், ஓட்டுநர், கோயிலில் வந்தவர், கடைக்காரர் என்று ஆளுக்கு ஒரு வேடம்.

இரண்டாவது இடம் அந்தக் கடை. பெயர் வேண்டாம், அடுத்த மாதம் வேறு பெயரில் இருக்கும். ஏசி, குளிர்ந்த தண்ணீர், எங்களைத் தவிர வேறு ஆளே இல்லை, ஐந்து விற்பனையாளர்கள். ஒரு நீலக்கல்லை வெல்வெட் தட்டில் வைத்து 18,000 பாட் என்றார்கள். தாய்லாந்தில் நல்ல கல் இல்லை என்று சொல்லவில்லை. சந்தபுரி பக்கம் உலகமெங்கும் தெரிந்த கல் சந்தை, மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். எனக்குக் காட்டியதும் நிஜக் கல்லாகவே இருக்கலாம். போலி கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், மட்டமான நிஜக் கல்லைப் பல மடங்கு விலைக்குக் கொடுத்தால் வழக்கே நிற்காது.

இந்தியாவில் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்றார் அந்தப் பெண். அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது. நகைக் கடனில் கல்லுக்கு நாங்கள் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம். வைரத் தோடு என்று கண்ணீர் விட்டாலும் அதே கழிவுதான். இருபத்திரண்டு வருடமாகக் கல்லைக் கழித்தே சம்பளம் வாங்கியவனிடம் வந்து கல்லை விற்கிறார்கள். "இரண்டு மடங்கு கிடைக்கும் என்றால் நீங்களே அனுப்பலாமே?" என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. தண்ணீர்க் கோப்பையைக் கூட எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே ஓட்டுநர், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள், பத்து நிமிடமாவது உள்ளே இருந்தால்தான் எனக்குப் பெட்ரோல் கூப்பன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார். அடுத்து தையற்கடை என்றார். மாட்டோம் என்றதும் எங்களை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார், 20 பாட் கூடக் கேட்கவில்லை. மழை வலுத்தது. மூடிய கடை ஒன்றின் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் நின்றோம். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மீட்டர் டாக்சி பிடித்து அரண்மனையின் வடக்கு வாசலுக்குப் போனபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அங்கே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்: அரண்மனை தினமும் திறந்திருக்கும், வெளியே யார் சொல்வதையும் நம்பாதீர்கள். காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட், தலைக்கு 500 பாட். உள்ளே மரகத புத்தரைப் பார்த்தோம். பெயர்தான் மரகதம், கல் மரகதமல்ல, வேறு பச்சைக் கல். வருடத்தில் மூன்று முறை, பருவத்துக்கு ஒன்றாக, மன்னர் கையால் உடை மாற்றுவார்கள். நாங்கள் பார்த்தது மழைக்கால உடை. டிசம்பரில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. சுற்று மண்டபத்தில் 178 சுவரோவியங்களில் ராமாயணம், அவர்கள் பாணியில். அனுமனைக் கண்டதும் என் மனைவிக்குப் பேச்சு திரும்பியது. "காலையில பூஜைன்னு சொன்னாரே, அவரும் ஒரு மாரீசன்தான்" என்றாள்.

மூன்றாம் நாளிலிருந்து படகுதான். சபான் தக்சின் ரயில் நிலையத்தை ஒட்டி சாதோன் துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். நடத்துநர் அம்மா ஒருவர் தகரக் குழாயைக் குலுக்கிக்கொண்டே வருவார், சில்லறையும் டிக்கெட்டும் அதற்குள்ளேயே. பேரமில்லை, விலையைக் கேட்கவே வேண்டாம். அதே துறையில் நீலக் கொடி சுற்றுலாப் படகும் உண்டு, விலை கூடுதல். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, இடமும் தாராளம், ஆனால் தேவைப்படவில்லை. தனிப் படகு வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில் கேட்டு வருகிறவர்களை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை வாசலுக்குச் சில நிமிட நடை, அந்த நீளச் சுவரே வழியில் வராது. தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ, 46 மீட்டர் சயன புத்தர், 300 பாட். அங்கிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்கு 5 பாட் ஓடம், கோயிலுக்கு 200. இருட்டிய பிறகு ஆரஞ்சுக் கொடியை நம்பி உட்காராதீர்கள், அது பகல் படகு.

சைனாடவுனான யாவோராட்டின் நகைக்கடைகளையும் பார்க்காமல் வர மனமில்லை. அங்கே தங்கம் 96.5 சதவீதம், நம் 916ஐவிட உயர்த்தி. எடை கணக்கும் பாட்தான், நகைக்கு ஒரு பாட் என்றால் 15.16 கிராம், ஏறக்குறைய இரண்டு பவுன். அன்றைய விலையை வாசலிலேயே எழுதி வைக்கிறார்கள், வாங்கும் விலையும் விற்கும் விலையும் பக்கத்தில் பக்கத்தில். ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. வாங்கவில்லை. வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் சுங்கத்தில் நகைச் சலுகை.

சனாம் லுவாங் திடலில் புறாவுக்குச் சோளம் என்று கையில் பையைத் திணிப்பார்கள், கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும். ஏதாவது நடந்துவிட்டால் சுற்றுலா போலீஸ் எண் 1155.

கடைசி நாள் காலை சனாம் சாய் பக்கம் மறுபடி போக வேண்டியிருந்தது. அதே சுவர், அதே தூறல். ஆந்திரக்காரர்கள் போலத் தெரிந்த ஓர் இளம் தம்பதி, சாத்திய கதவின் எதிரே தயங்கி நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய், அரண்மனை திறந்திருக்கிறது, யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நேராக வடக்கே நடங்கள் என்றேன். குடை, இஸ்திரி போட்ட சட்டை, ஐம்பது வயது. அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள்.