48,500 ரூபா போச்சு: "தண்ணி ஏசி"ன்னு விக்கிறதை நம்பாதீங்க, பதுளைப் பக்கத்து ஆட்கள் முக்கியமா படிங்க

இன்னைக்குப் பின்னேரம் நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே கடைக்காரன் போனை வெட்டிட்டான். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

போன காசு 48,500 ரூபா. அம்மாவுக்கு இழுப்பு இருக்கு, பகல் வெக்கை தாங்க முடியலன்னு அவங்க காம்பராவுக்குன்னே வாங்கின ஏர் கூலர், தண்ணி ஊத்தி ஓட்டுற மெஷின். இப்ப அதே காம்பராவுல சுவரோரம் பூஞ்சணம் பிடிச்சிருக்கு, இழுப்பு கூடியிருக்கு, மெஷின் மூலையில துணி போர்த்தி நிக்குது. கடை பேரைப் போடல. பதுளை மாவட்டத்து டவுன் ஒன்னுல உள்ள மின்சாரச் சாமான் கடை, தவணைக்கும் கொடுப்பாங்க, போன்ல வீடியோ போட்டும் விப்பாங்க. இந்த மாதிரி கடை ஒவ்வொரு டவுன்லயும் இருக்கு, அதனாலதான் எழுதுறேன். எப்படிப் பேசி மாட்டுறாங்கன்னு முதல்ல சொல்லிடுறேன். வாங்குறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

மலையகம்னா குளிர்தானே, உங்களுக்கு எதுக்குடி கூலர்னு கொழும்புல இருக்கிற சொந்தக்காரங்களே கேக்குறாங்க. 1,868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாக்காரங்களைப் பார்த்துக் கேட்டா நியாயம். பதுளை டவுன் 680 மீட்டர்தான். பங்குனி, சித்திரையில மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க லயத்து வரிசை வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழ வந்து உக்காந்து பாருங்க. சீலிங் கிடையாது. முன்னால இஸ்தோப்பு, ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், பின்னால குசினி. ஃபேனைப் போட்டா கூரைச் சூடுதான் தலையில இறங்கும். ஏசி வாங்குற வசதியும் இல்ல, வாங்கினாலும் லைட் பில் கட்ட முடியாது. அந்த நேரத்துல பார்த்துத்தான் போன்ல அந்த வீடியோ வந்துச்சு. "ஏசி குளிர், ஃபேன் பில்." 62,000ன்னு போட்டு அதை வெட்டி, புத்தாண்டு சேல் 48,500ன்னு சிவப்புல எழுதியிருந்தாங்க.

போன்ல காசு கட்டிட்டு ஏமாந்தேன்னு நினைக்காதீங்க. நேர்ல போனேன், அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். சாமானைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

உள்ளே போனதும் கடையில விக்கிற தம்பி அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டான். பக்கத்துக் கடையில இருந்து பிளேன்டீ எடுத்துட்டு வரச் சொன்னான். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்னு கேட்டான். சொன்னதும், "அட, நீங்க டீச்சர்தானே? என் தங்கச்சி உங்ககிட்டத்தானே படிச்சா"ன்னான். தங்கச்சி பேரும் சொன்னான், எனக்கும் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் விலையைப் பத்திப் பேசவே கூச்சமாப் போச்சு. பிறகு மெஷினை ஆன் பண்ணி, அம்மா முகத்துக்கு நேரா திருப்பி வச்சான். அம்மா கண்ணை மூடிக்கிட்டு, "குளுகுளுன்னு இருக்குடி"ன்னாங்க. எங்க அம்மா வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வர்றது லேசுல நடக்காது.

கவனிங்க. கடைக்குள்ள ஏசி ஓடுது, கண்ணாடிக் கதவு மூடியிருக்கு. ஏசி காத்துல இருக்கிற ஈரத்தைத் தண்ணியா வடிச்சு வெளியில தள்ளிடும், கடைக்குள்ள இருக்கிறது காஞ்ச காத்து, ஏற்கனவே குளிர்ந்த காத்து வேற. அந்த இடத்துல ஈரத் துணியைப் பிடிச்சு ஃபேன் போட்டாலும் அம்மா அதையேதான் சொல்லியிருப்பாங்க.

நான் வாய் திறந்து கேட்டேன். "தம்பி, எங்க வீடு ஈரம். மழை நாள்ல துணி காயாது. அம்மாவுக்கு இழுப்பு வேற. இதுக்கு சரி வருமா?" அதுக்கு அவன், "டீச்சர், நம்ம ஊரு கச்சான் காத்து அடிக்கிற ஊரு. இந்த மெஷினே காஞ்ச இடத்துக்குன்னு செஞ்சதுதான். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் நல்லா சாத்திட்டுப் போடுங்க, அரை மணி நேரத்துல ஏசி ரூம் ஆயிடும். இழுப்புக்கும் நல்லது, தூசி வராது"ன்னான். இதுல ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல. அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க.

கச்சான் எங்களுக்குத் தெரியாததா. ஆனி, ஆடி, ஆவணியில தென்மேற்கு மழை முழுக்க ஹட்டன், நுவரெலியா பக்கம் கொட்டித் தீர்த்துட்டு, காத்து மலை ஏறி எங்க பக்கம் இறங்கும்போது காஞ்சு வரும். ஊவா டீக்கு அந்த வாசம் வர்றதே அந்தக் காத்துலதான். ஆனா அவன் வித்தது பங்குனியில. அப்ப மத்தியானம் வரைக்கும் வெயில் வேக வைக்கும், பின்னேரம் இடி மழை, ராத்திரி புழுக்கம். எந்தக் கச்சான்?

48,500 ரூபாயை முழுசா எண்ணிக் கொடுத்தேன். அம்மா தோட்ட வேலையை விட்டு நின்னப்போ வந்த ஈபிஎஃப் காசுல மிச்சம் வச்சிருந்தது அது. 2024ல கூட்டின 1,350 ரூபா நாள் சம்பளத்துல கணக்குப் பார்த்தாலும் ஒரு மாசத்துக்கு மேல கூடை சுமந்தாத்தான் அந்தக் காசு வரும். அவங்க பறிச்ச காலத்துல இந்தச் சம்பளம் கனவுலகூட இல்ல.

வீட்டுக்குக் கொண்டாந்து, அவன் சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சாத்திட்டுப் போட்டோம். முதல் பத்து நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. பிறகு உடம்பு பிசுபிசுன்னு ஆச்சு. காத்து வருது, ஆனா வேர்வை காயல. அம்மா புரண்டு புரண்டு படுத்தாங்க, மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. தண்ணி தீர்ந்துடுச்சோன்னு டாங்கியைப் பார்த்தா பாதிக்கு மேல அப்படியே நிக்குது. காலையில தலகாணி உறை ஈரம். குசினியில உப்பு தண்ணி விட்டு நிக்குது, நெருப்புக் குச்சி உரசினா மருந்து உதிருது. திருத்துறதுக்குக் கொண்டாந்து வச்ச பிள்ளைகளோட கொப்பியெல்லாம் நமுத்து மை பரவிக் கிடக்குது. சரி, புது மெஷின், பழகட்டும்னு மறுபடியும் போட்டோம். அலுமாரிக்குப் பின்னால சுவர்ல கறுப்புப் புள்ளி வர ஆரம்பிச்சதும்தான் நிப்பாட்டினேன்.

திருப்பிக் கொடுக்கலாம்னு பெட்டியை எடுத்தேன். அதுவும் அதே காம்பராவுல இருந்ததால அட்டை நமுத்துப் போயிருந்துச்சு. 62,000ன்னு போட்டு வெட்டின பெரிய ஸ்டிக்கர் ஒரு ஓரம் கழண்டு தொங்குது. இழுத்தேன், முழுசா வந்துடுச்சு. அதுக்குக் கீழ பெட்டியிலேயே இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கு: வறண்ட காலநிலைக்கு மட்டும் ஏத்தது, பாவிக்கும்போது கதவு அல்லது ஜன்னலைத் திறந்து வைக்கவும். ஸ்டிக்கர் ஒட்ட அவ்வளவு பெரிய பெட்டியில வேற இடமே கிடைக்கலையா?

ரியாத்ல டிரைவரா இருக்கிற மச்சானுக்கு போட்டோ அனுப்பினேன். அவர் சிரிச்சுட்டு, "இங்க வீட்டுக்கு வீடு கூரையில இதுதானே நிக்குது, டெசர்ட் கூலர்"ன்னார். அங்க கோடையில 43 டிகிரி, காத்துல ஈரப்பதம் 10 சதவீதம்தான். அந்தக் காத்து மெஷினுக்குள்ள தண்ணி ஊறி நிக்கிற பேட் (அட்டை மாதிரி ஒன்னு) வழியா போகும்போது தண்ணி உடனே ஆவியாகும், ஆவியாகுறதுக்கு வேணும்ங்கிற சூட்டைக் காத்துல இருந்தே எடுத்துக்கும். ஒரு லீட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் போகும். அங்க ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணி ஆவியாகிக் காத்தைக் குளிர வைக்கக்கூடிய கடைசி எல்லை, 20 டிகிரி கிட்ட, அதனால நல்ல பேட் இருந்தா 43ஐ 25 வரைக்கும்கூட இறக்கலாம். நம்ம ஊருக்கு வாங்க. 29 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னு வைங்க, ஈரக்குமிழ் 25க்கு மேல. எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் 4 டிகிரிகூட இறங்காது. அதுலயும் ஜன்னலைச் சாத்தினா, மெஷின் விட்ட ஈரம் உள்ளேயே சுத்தி, கொஞ்ச நேரத்துல தண்ணி ஆவியாக இடமே இருக்காது. டாங்கியில தண்ணி குறையாத காரணம் அதுதான். அப்புறம் அது ஈரக் காத்து வீசுற ஃபேன், அவ்வளவுதான். இந்தியாவுலயும் ராஜஸ்தான், டெல்லிப் பக்கம் வைகாசி வெயில்ல இது நல்லா வேலை செய்யும், பருவமழை இறங்கினதும் அங்கேயும் பிசுபிசுப்புத்தான். கம்ப்ரசர் இல்லாததால கரண்ட் கம்மி எடுக்கும்ங்கிறதும் உண்மைதான். மெஷின் மேல எனக்குக் கோபமே இல்ல. இந்த ஊர்ல, அந்த வரியை மறைச்சு, கதவைச் சாத்தச் சொல்லி வித்தானே, அது மேலதான்.

இனி கடைக்காரங்க பேச்சைக் கேளுங்க. முதல்ல போன் பண்ணினப்போ அதே தம்பி: "டீச்சர், ஐஸ் பேக் போட்டீங்களா? போடுங்க, சரியாகிடும்." ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல்தான், ஒரு லீட்டர் ஆவியாகுறதுல ஏழுல ஒரு பங்கு, அதை வச்சு ஒரு காம்பராவைக் குளிர வைக்கச் சொல்றான். அடுத்து, "தண்ணி சரியில்ல, பீலித் தண்ணி ஊத்தாதீங்க." அடுத்து, "மேனேஜர் லீவு." மெசேஜ் அனுப்பினா ரெண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. பஸ் பிடிச்சு நேர்ல போனேன். தம்பி உள்ளே ஸ்டோர் ரூமுக்குப் போனவன் வெளியில வரவே இல்ல. முதலாளி வந்தார். கதிரையும் இல்ல, பிளேன்டீயும் இல்ல.

"மெஷின் ஓடுதா?"
"ஓடுது."
"காத்து வருதா?"
"வருது, ஆனா..."
"அப்ப ஃபால்ட் இல்லயே டீச்சர். ஓடுற சாமானுக்கு வாரண்டி எப்படிக் கொடுக்கிறது?"

இதுதான் பொறி. உடைஞ்ச சாமானை வித்திருந்தா மாத்தித் தந்திருப்பாங்க. இது உடையாது. நம்ம வீட்டுல வேலை செய்யாதுன்னு தெரிஞ்சே விக்கிறாங்க, ஆனா கடையில ப்ளக்கைக் குத்தினா ஜம்முன்னு ஓடும். ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது கொழும்புல இருந்தே அப்படித்தான் வருது"ன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னது யாருன்னு கேட்டேன். "அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க." பில்லை எடுத்துப் பார்த்தா அதுல மாடல் நம்பரும் 48,500ங்கிற தொகையும் மட்டும்தான். ஏசின்னும் இல்ல, கூலர்னும் இல்ல. இன்னைக்குக் கடைசியாப் போன் பண்ணினப்போ, வேணும்னா 15,000க்குத் திருப்பி எடுத்துக்கிறோம்னார். 48,500க்கு வாங்கினது, ஒரு மாசம்கூட ஆகல, 15,000. பச்சைக் கொள்ளை இல்லையான்னு கேட்டேன், அப்பத்தான் போனை வெட்டினார்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப அம்மாவுக்கு மருந்து எடுக்கப் போகணும், சுருக்கமாச் சொல்றேன். தண்ணி ஊத்துற எந்த மெஷினும் ஏசி இல்ல, வெளியில சூட்டைத் தள்ளுற குழாயோ பெட்டியோ இல்லன்னா நம்பாதீங்க. துணி காயாத வீட்டுக்கு இது வேண்டாம். இழுப்பு உள்ளவங்க இருந்தா கிட்டயே சேர்க்காதீங்க. கடைக்குள்ள ஏசியில வச்சு ஓட்டிக் காட்டினா வெளியில கொண்டாந்து போடச் சொல்லுங்க. பெட்டியில ஸ்டிக்கர் இருந்தா அந்த இடத்துலயே கிழிச்சுப் பாருங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். அவங்க வாயால சொல்றதை பில்லுல எழுதி வாங்குங்க. தகரக் கூரைன்னா முதல்ல சீலிங் அடிங்க, இல்ல கூரைக்கு மேல வெள்ளை அடிங்க, 48,500ல அதுக்கு மேலயே செஞ்சிருக்கலாம்.

பொய் சொல்லி, மறைச்சு விக்கிறதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்யுது. அவங்க இலக்கம் 1977. நான் பில், பெட்டி, கழண்ட ஸ்டிக்கர், மெசேஜ் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், முறைப்பாடும் எழுதியாச்சு. அந்த வீடியோ இன்னைக்கும் ஓடுது, அதுக்குக் கீழ நான் எழுதின கமெண்டை அழிச்சுட்டாங்க. இதே மெஷினை இதே மாதிரி பேச்சுக்கு வாங்கினவங்க இருந்தா பில்லோட போட்டோவை எனக்கு அனுப்புங்க, சேர்ந்து கொடுப்போம்.