காம்பிஸின் சுழலும் பெட்டியும் ஓபன்பாக்ஸின் வெறும் திரையும்

2007 அக்டோபரில் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவின் 7.10 பதிப்பு வந்தது. தாங்கும் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் காம்பிஸ் தானாகவே ஓடும். அதற்கு முந்தைய ஆண்டு நாவெல் நிறுவனத்திலிருந்து டேவிட் ரெவ்மன் வெளியிட்ட சாளர மேலாளர் அது, அதாவது திரையில் விண்டோக்களை வைத்து நகர்த்தும் நிரல். விண்டோவைப் பிடித்து இழுத்தால் வாழையிலையில் வைத்த அல்வாத் துண்டு மாதிரி தளதளவென்று ஆடும். அமைப்புகளைக் கொஞ்சம் நோண்டினால் நான்கு பணியிடங்களும் (விண்டோக்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகள்) ஒரு பெட்டியின் நான்கு பக்கங்களாகிச் சுழலும். வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் சுற்றிக் காட்டினேன். ஆள் இல்லாதபோது அதை நான் தொட்டதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தினமும் கைகொடுத்தது வேறொன்று: திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் சுருங்கிப் பரவி நிற்க, வேண்டியதைத் தொட்டு எடுக்கும் வசதி. எது எங்கே போனது என்று கண்ணுக்குச் சொல்லும் அசைவு வேலைக்கு ஆகும். அல்வா ஆகாது.

ஓபன்பாக்ஸ் இன்னொரு சாளர மேலாளர், அதில் நுழைந்தால் ஒன்றுமே இருக்காது. பட்டையும் இல்லை, ஐகானும் இல்லை. என் நண்பர் ஒருவர் கணினி ஹேங் ஆகிவிட்டது என்று பவர் பட்டனுக்கே போய்விட்டார். ரைட் கிளிக் செய்தால் மெனு வரும், அவ்வளவுதான். குறுக்குவிசை, விண்டோ நடத்தை போன்ற அமைப்புகளை மாற்ற ஆர்சி.எக்ஸ்எம்எல் (rc.xml) என்ற கோப்பில் நாமே எழுத வேண்டும். மூடாமல் விட்ட ஒரு டேகைத் தேடி எனக்கு ஒரு சாயங்காலமே போனது.

ஓபன்பாக்ஸ் தானாக விண்டோக்களின் படத்தைச் சேமித்து வைப்பதில்லை. மேலிருக்கும் விண்டோவை நகர்த்தினால், அடியிலிருக்கும் நிரல்தான் திறந்த இடத்தை மறுபடி வரைய வேண்டும். அது திணறிக்கொண்டிருந்தால், ஈரக்கையால் கோலத்தை இழுத்தது போலத் தடம் விழும். காம்பிஸில் ஒவ்வொரு விண்டோவின் முழுப் படமும் நினைவகத்தில் தனியாக இருக்கும், கிராபிக்ஸ் கார்டு அவற்றை அடுக்கிக் காட்டும். தடம் விழாது. அதற்கான விலை, 1920×1080 அளவு விண்டோ ஒன்றுக்குச் சுமார் 8 எம்பி. பத்து விண்டோ என்றால் 80. 8 ஜிபி ரேமில் அது தூசு. 1 ஜிபி பழைய லேப்டாப்பில் வலிக்கும்.

ஆகவே 'எஃபெக்ட்ஸ் என்றால் கனம்' என்ற பழைய புகாரில் இன்று பாதி வலு இல்லை. என் புகார் காத்திருப்பு பற்றியது. பணியிடம் மாறும் ஒவ்வொரு தடவையும் கால் நொடி நடனம் பார்க்க வேண்டும். ஐம்பதாவது தடவை பல்லைக் கடிக்கத் தோன்றும். ஓபன்பாக்ஸில் விரலை எடுக்கும் முன் மாறியிருக்கும்.

பழைய லேப்டாப்பில் ஓபன்பாக்ஸ், அதன்மேல் நிழல் தரவும் திரைக் கிழிசலை (காட்சி பாதியில் பிளந்து தெரிவதை) தடுக்கவும் மட்டும், விண்டோ படங்களை அடுக்கும் தனி நிரலான பிகாம் என்று வைத்திருக்கிறேன். லினக்ஸில் விண்டோக்களைத் திரைக்குக் கொண்டுவரும் புதிய முறையான வேலண்டில் இப்படி ஒட்டுப்போட முடியாது. அங்கே விண்டோக்களை நிர்வகிப்பதும் படங்களை அடுக்குவதும் ஒரே நிரலின் வேலை. புது கணினியில் வேலண்டுக்கான, ஓபன்பாக்ஸ் சாயலுள்ள லேப்டபிள்யூசி (labwc) வைத்திருக்கிறேன். கூடவே காம்பிஸ் மாதிரி எஃபெக்ட்ஸ் உள்ள வேஃபயரும் இருக்கிறது, அக்கா மகன் வந்தால் பெட்டியைச் சுற்றிக் காட்ட.