இரண்டு கர்ப்பங்களில் குளுக்கோமீட்டர்: எந்த எண்ணை எதற்கு நம்பலாம்?

இரண்டு கர்ப்பங்களிலும், விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரை விடாமல் பயன்படுத்தியிருக்கிறேன். "லேபுக்குப் போகாமல் வீட்டிலேயே பார்த்தால் கர்ப்பகால சுகர் தெரிந்துவிடாதா?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தெரியாது. நோய் உறுதியான பிறகு தினசரி அளவைப் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல துணை எனக்கு அமையவில்லை. ஆனால் நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க இது போதாது.

ஏன் என்று எண்களைப் பார்த்தாலே புரியும். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்ற அளவுகோலின்படி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரம் கழித்து 180, இரண்டு மணி நேரம் கழித்து 153 மி.கி. (ஒரு டெசிலிட்டருக்கு; கீழே வரும் எண்களும் அப்படியே) ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 15197-ஓ, 100-க்குக் கீழான அளவுகளில் நூற்றுக்கு 95 முறை, லேப் அளவிலிருந்து 15 மி.கி. ஏற்ற இறக்கத்துக்குள் காட்டினால் போதும் என்கிறது. உண்மையில் 92 உள்ளவருக்கு 80 காட்டினாலும் 105 காட்டினாலும் கருவி தேறிவிடும். ஓரிரு மில்லிகிராமில் முடிவு மாறுகிற இடத்தில் இவ்வளவு தளர்வை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

கர்ப்பிணிகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் சிவப்பணுக்களின் விகிதம் குறைகிறது. ரத்தசோகையும் சேர்ந்தால் இன்னும் குறையும். அப்போது பல மீட்டர்கள் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். இரண்டாவது கர்ப்பத்தில் எனக்கு ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் குத்திப் பார்ப்பேன்; மீட்டர் ஒவ்வொரு முறையும் மேலேயே நின்றது. இரும்புச்சத்து ஏறியதும் இடைவெளி சுருங்கியது. ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எந்த ஹீமாடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) வரம்புக்குள் அது சரியாக வேலை செய்யும் என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்முன் அதைப் படியுங்கள். லேப் அளவோடு ஒப்பிடுவதையும் வெறும் வயிற்றிலேயே செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் குளுக்கோஸ், லேபில் கையிலிருந்து எடுக்கும் சிரை ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

அப்படியானால் லேப் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அங்கேதான் எனக்கு உண்மையான கவலை. எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்தால் அதிலுள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கும் என்றாலும், அது முழுமையாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் 96 இருந்தவர் 91-க்கு வந்துவிடுவார். எனக்கே இது நடந்தது. ஒரு சேகரிப்பு மையத்தில் கொடுத்த ரத்தம் வெகுநேரம் கழித்தே லேபுக்குப் போய், முடிவு எல்லைக்குள் வந்தது. மருத்துவர் திருப்தியடையாமல், உடனுக்குடன் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியை) பிரிக்கும் இடத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார். அங்கே எல்லையைத் தாண்டியிருந்தது. குழாயை ஐஸில் வைத்து அரை மணி நேரத்துக்குள் பிரிப்பதும், சிட்ரேட் கலந்த குழாயைப் பயன்படுத்துவதும் இந்த இழப்பைப் பெரிதும் தடுக்கும். "எடுத்த எவ்வளவு நேரத்தில் பிரிப்பீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நம் குழந்தைக்காகக் கேட்கிறோம்.

ஓரிடத்தில் உண்டு என்றதை இன்னோரிடத்தில் இல்லை என்றால் பதற வேண்டாம்; முறையே வேறாக இருக்கலாம். முதலில் 50 கிராம் குளுக்கோஸ், அதில் கூடினால் 100 கிராம் என்று இரண்டு கட்டமாகச் செய்யும் இடங்களில் எல்லைகளும் வேறு, வழக்கமாக இரண்டு அளவுகள் தாண்ட வேண்டும். கர்ப்பிணிகளின் சர்க்கரை அளவைப் பற்றி 2008-இல் வெளியான ஹாப்போ (HAPO) என்ற ஆய்வு, சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடை போன்ற சிக்கல்களும் படிப்படியாகவே ஏறுகின்றன, இதற்கு மேல்தான் ஆபத்து என்ற கோடு எதுவும் இல்லை என்று காட்டியது. 91 வந்தவர் மறந்துவிடவும் கூடாது, 93 வந்தவர் உடைந்துபோகவும் வேண்டாம்.

கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) ரத்தப் பரிசோதனையை மட்டும் எடுத்து நிம்மதி அடையாதீர்கள். கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் அது தாழ்ந்து காட்டும். இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்தும்.

தினசரிக் கண்காணிப்பில் என் மீட்டர் நன்றாகவே உழைத்தது. பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். ஓர் ஒற்றை எண்ணைவிட ஒரு வாரத்தின் போக்கையே என் மருத்துவர் பார்ப்பார். கையைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். பழம் உரித்த விரலில் அளவு எகிறும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். புது டப்பா திறந்தால் கன்ட்ரோல் திரவத்தால் (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) ஒருமுறை சரிபாருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு லேபில் இரண்டு மணி நேரம் உட்காருவது கடினம் என்று பலர் மீட்டரிலேயே முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து போய் உட்காருங்கள். அதில் இயல்பாக வந்தாலும் 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிரை ரத்தத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.